இரண்டாம் இடம் வரைக்கும் அனுமதி: ரஷ்யாவில் கம்யூனிஸ்ட் கட்சி

[திரையில்: விளாடிவோஸ்டாக் துறைமுகம், 2018]

ரஷ்யாவோட கிழக்குக் கோடியில பிரிமோர்யே மாகாணம். 2018 செப்டம்பர்ல ஆளுநர் தேர்தலோட இரண்டாம் சுற்று. மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பதவி அது. ஏறக்குறைய 95 சதவீத ஓட்டு எண்ணி முடிஞ்சப்போ, கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஆந்திரேய் இஷ்சென்கோ முன்னிலையில இருந்தார். மிச்சம் இருந்த கொஞ்சம் ஓட்டை எண்ணினதும், கிரெம்ளின் நிறுத்திய ஆள் முந்திட்டார்! ஜனங்க தெருவுக்கு வந்தாங்க. தில்லுமுல்லு அப்பட்டமா தெரிஞ்சதால, தேர்தலே ரத்தாச்சு.

டிசம்பர்ல மறுதேர்தல். இப்பதான் கதையே. கம்யூனிஸ்ட் கட்சி இந்தத் தடவை வேட்பாளரையே நிறுத்தல. இஷ்சென்கோ சுயேச்சையா நிக்கப் பார்த்தார், அவரைப் பட்டியல்லயே சேர்க்கல.

கையில கிடைச்ச வெற்றியை ஒரு கட்சி ஏன் விட்டுக்கொடுக்கணும்?

[திரையில்: 1996, தேர்தல் சுவரொட்டிகள்]

இதே கட்சி ஒருகாலத்துல கிரெம்ளினை நடுங்க வச்சது. சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியை 1991ல அப்போதைய ரஷ்ய அதிபர் எல்ட்சின் தடை செஞ்சார். 1993ல கெனாடி ஸியுகானவ் தலைமையில புதுசா கட்டி எழுப்பினாங்க. 1995ல நாடாளுமன்றத்தோட கீழவையான டூமாவில 450ல 157 இடம், முதலிடம். அடுத்த வருஷம் அதிபர் தேர்தல் முதல் சுற்றுல எல்ட்சினுக்கு 35 சதவீதம், ஸியுகானவுக்கு 32. பெரும்பணக்காரங்களும் டிவி சேனல்களும் எல்ட்சின் பக்கம் சாஞ்சாங்க. இரண்டாம் சுற்றுல ஸியுகானவ் தோத்தார். முடிவை ஏத்துக்கிட்டார். அதுக்கப்புறம் அவ்வளவு கிட்ட அவங்க வரவே இல்ல.

புதின் காலத்துல ஒரு எழுதாத ஒப்பந்தம் உருவாச்சு. அமைச்சர்களைத் திட்டலாம், விலைவாசியைப் பத்திக் கத்தலாம். 2018ல ஆண்களோட ஓய்வூதிய வயசை 60லிருந்து 65 ஆக்கினப்போ ஊர்வலமும் போனாங்க. ஆனா புதினோட நாற்காலியை மட்டும் அசைக்கக் கூடாது. பதிலுக்கு டூமா இடங்கள், கமிட்டிப் பதவிகள், அதோட வாங்கின ஓட்டுக்குத் தகுந்த அரசுப் பணம். 3 சதவீதம் தாண்டின எந்தக் கட்சிக்கும் அந்தப் பணம் உண்டு. கிரெம்ளினுக்கு என்ன லாபம்? கோபமா இருக்கிறவங்க போய் நிக்க ஒரு பாதுகாப்பான வரிசை.

வெளியுறவு விஷயத்துல இவங்க சில நேரம் கிரெம்ளினுக்கு முன்னாடியே ஓடுவாங்க. கிழக்கு உக்ரைன்ல இருக்கிற தோனெத்ஸ்க், லுகான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடுகளா அங்கீகரிக்கச் சொல்லி 2022 பிப்ரவரியில டூமா நிறைவேத்தின தீர்மானம் கம்யூனிஸ்ட்கள் கொண்டுவந்ததுதான். உக்ரைன் போர் தொடங்கினதும் ஒலேக் ஸ்மோலின், மிகயீல் மத்வேயெவ் மாதிரி ஒருசில உறுப்பினர்கள்தான் எதிர்த்துப் பேசினாங்க.

ஆனா ஓட்டுப் போடுறவங்களை ஏமாளிங்கன்னு நினைக்காதீங்க. ஆளுங்கட்சியைத் தோற்கடிக்க யாருக்கு வாய்ப்பு அதிகமோ அவங்களுக்குப் போடுங்கன்னு 2021 டூமா தேர்தல்ல எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியோட அணி சொன்னப்போ, லெனினைப் பிடிக்காதவங்களும் கம்யூனிஸ்டுக்குக் குத்தினாங்க. கட்சிக்குக் கிட்டத்தட்ட 19 சதவீதம். மாஸ்கோவில கட்சி நிறுத்தின மிகயீல் லோபானவ் மாதிரி சிலர் காகித ஓட்டுல முந்தினாங்க. ஆன்லைன் ஓட்டு சேர்ந்ததும் தோத்தாங்க.

தலைமைக்கு இந்தப் புது ஆதரவு சந்தோஷத்தைவிடச் சங்கடத்தைத்தான் கொடுத்திருக்கும்னு எனக்குத் தோணுது. 2024 அதிபர் தேர்தல்ல அவங்க நிறுத்தினது 75 வயசு நிகலாய் கரிதோனவை. 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வாங்கினார். அதுவே இரண்டாம் இடத்துக்குப் போதுமானதா இருந்துச்சு.