கரை எத்தனை வீடுகளைத் தாங்கும்?

அவையோருக்கு வணக்கம். கடலோரத்தில் புது மனைப்பிரிவுகள் வருவதைப் பற்றியும், அதற்கு நாம் கொடுக்க வேண்டிய மனுவைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

"வெளியாட்களை உள்ளே விடாதே" என்று கோஷம் போட்டுத் தொடங்கும் போராட்டம் தோற்றுவிடும். தோற்கவும் வேண்டும், பிழைக்க வந்தவர்மேல் காழ்ப்பு வளர்ப்பது நம் வேலை அல்ல. இந்தக் கரை எத்தனை வீடுகளைத் தாங்கும் என்று கேளுங்கள். அதற்கான பதில் மணலுக்கு அடியில் இருக்கிறது.

கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல்தான் மிதந்து நிற்கிறது. நன்னீர் லிட்டருக்கு 1,000 கிராம், கடல்நீர் சுமார் 1,025 கிராம் எடை இருப்பதால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்பது இதுதான். இதைத் திருப்பிப் பாருங்கள்: புதுக் குடியிருப்புகளின் ஆழ்குழாய்கள் உறிஞ்சி நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் 20 மீட்டர் வரை ஏறிவரும். அதுவும் ஒரே நாளில் ஏறாது; ஆண்டுக்கணக்காகும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் நாளில் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். அந்த ஒரு நாள் சோதனையை வைத்துக் கையெழுத்துப் போடுவதைத்தான் நாம் எதிர்க்க வேண்டும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. கிணற்றில் நூற்றுக்கு 2 பங்கு கடல்நீர் கலந்தாலே 380 மில்லிகிராம் ஆகிவிடும். 250-ஐத் தாண்டினாலே நாக்கில் கரிப்பு தெரியத் தொடங்கும். பிறகு பம்பை நிறுத்தினாலும் அந்தக் கிணறு சீக்கிரம் மீளாது.

ஆகவே மனு எழுதுமுன் அளந்துவையுங்கள். கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி ஒரே வரிசையில் நாலைந்து கிணறுகள் போதும். மாதம் ஒருமுறை, காலையில் பம்பு ஓடுவதற்கு முன், நீர்மட்டத்தையும் நீரின் மின்கடத்துதிறனையும் (உப்பு ஏற ஏற இது கூடும்) குறித்துவையுங்கள். பம்பு ஓடிய பின் எடுத்த அளவு செல்லாது. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். கோடை அளவைக் கோடை அளவோடு மட்டுமே ஒப்பிடுங்கள். தலைக்கணக்கு எடுக்கும்போது நிரந்தரக் குடியினரோடு சுற்றுலாக் கூட்டத்தின் உச்சநாள் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாயும் கழிவுத்தொட்டியும் அந்த நாளில்தான் திணறும்.

சாலையையும் விடாதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளை நிலத்தோடு இணைப்பது பெரும்பாலும் ஒரே நெடுஞ்சாலை. அங்குள்ள மன்றோ கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1992-இல் புது வீட்டு அனுமதிகளுக்கு ஆண்டு வரம்பு கொண்டுவந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் நிரந்தரக் குடியினர் சுமார் 24 மணி நேரத்துக்குள் வெளியேறிவிட முடிய வேண்டும் என்பதே அங்கே அளவுகோல். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். யார் வருகிறார், எந்த ஊர்க்காரர் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் வரம்பு வைத்தால் மனைவிலை ஏறும். முதலில் வெளியே தள்ளப்படுவது மீன்பிடிப்பவர்களின் பிள்ளைகளும் கூலிவேலை செய்வோரும்தான். கீஸ் தீவுகளில் அனுமதிகளில் ஒரு பகுதியைக் குறைந்த வாடகை வீடுகளுக்கென்றே ஒதுக்க வேண்டியிருந்தது. அந்த ஒதுக்கீட்டை நம் மனுவின் முதல் பக்கத்திலேயே கேளுங்கள். கூடவே, புது ஆழ்குழாய்க்கு நீரெடுப்பு வரம்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஓடத் தொடங்கிய பிறகே குடியேற அனுமதி, உப்பு அளவு ஏறினால் அடுத்த அனுமதியைத் தானாகவே நிறுத்தும் நிபந்தனை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு கேட்டால் பயனில்லை. ஆட்சேபணைக்குக் கெடு தரும் அறிவிப்பு வந்த அன்றே மனுவைக் கொடுத்து, பெற்றதற்கு ரசீது வாங்குங்கள்.