ரவை ஒட்டாத தொப்பி: மெட்டாலிகாவின் எட்டாவது ஆல்பம்
(காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். கம்பன் விழா நடக்கிற ஊரில் மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவுக்கு என்ன வேலை என்று சிலர் முணுமுணுப்பது மேடைவரைக்கும் கேட்கிறது. காரைக்குடி மணியின் மிருதங்கத்தைக் கேட்ட காது உங்களுடையது. இன்றைய பேச்சும் தோல் வாத்தியத்தைப் பற்றித்தான்.

1981இல் தொடங்கிய அந்தக் குழு, 2003 ஜூனில் ‘செயின்ட் ஆங்கர்’ என்ற எட்டாவது ஆல்பத்தை வெளியிட்டது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் வந்ததுமே முதலிடம். அடுத்த ஆண்டு தலைப்புப் பாட்டுக்குக் கிராமி. இருந்தும் பழைய ரசிகர்களில் பலர் அதை இன்னும் மன்னிக்கவில்லை. ‘சரக்கு தீர்ந்துபோச்சு’ என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். சரக்கு இருந்தது, சமைத்ததில்தான் கோளாறு.

முதல் கோளாறு, டிரம்ஸ் தொகுப்பில் உள்ள ஸ்னேர் டிரம். சுமார் 14 அங்குல அகலம், மேலும் கீழும் தோல். கீழ்த்தோலை ஒட்டி இருபது சுருள்கம்பிகள் வரை ஓடும். பக்கத்திலுள்ள நெம்புகோலை ஏற்றினால் கம்பி தோலில் படியும், இறக்கினால் விலகும். படிந்திருந்தால் ‘சடக்’ என்ற சரசரப்பு. கிட்டார் எவ்வளவு இரைந்தாலும் அது மேலே வந்து கேட்கும். விலகிவிட்டால் வெறும் உருளை. குறிப்பிட்ட சுருதியில் ரீங்கரிக்கும். குழுவின் டிரம்மர் லார்ஸ் அல்ரிக் ஒருநாள் கம்பியைப் போட மறந்து வாசித்தாராம்; பதிவைக் கேட்டபோது பிடித்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதோ, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கிற மாதிரி ஒரு பித்தளைத் தாம்பாளம். தட்டுகிறேன்: ‘ணங்ங்...’. விளிம்பில் ஈரத்துணியை மடித்து வைத்துத் தட்டுகிறேன்: ‘டக்’. அந்த ஆல்பம் முழுக்க நீங்கள் கேட்பது முதல் சத்தம். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு நான்கு அடியாக வாசித்தால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 0.08 நொடி. முந்தைய ரீங்காரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதும். கிட்டார்களையோ பெரும்பாலும் தாழ்ந்த ‘சி’ ஸ்வரம் வரை இறக்கிச் சுருதி கூட்டியிருக்கிறார்கள். ஸ்னேர் கம்பியின் சரசரப்பும் இல்லாததால் தாளம் அந்த இரைச்சலுக்குள் தகரடப்பாவாக உருளுகிறது. தோலின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தால் பாதி குணமாகியிருக்கும்!

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை பிசைந்து ஒட்டாமல் கச்சேரிக்கு உட்கார்ந்த மாதிரி என்று சொல்லலாம். ஒப்புமை முழுக்கப் பொருந்தாதுதான். ரவை கனம் சேர்த்துச் சுருதியை இறக்கும், கம்பி சரசரப்பைச் சேர்க்கும். ஆனால் இரண்டிலும், சின்ன ஒரு பொருள் இல்லையென்றால் வாத்தியமே வேறாகிவிடும்.

இரண்டாவது கோளாறு நீளம். 1986இன் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ எட்டுப் பாட்டு, ஏறத்தாழ 55 நிமிடம். இது பதினொன்று, 75 நிமிடம். கடைசிப் பாட்டு மட்டுமே 8 நிமிடம் 48 நொடி. கூடி வாசித்துப் பதிவுசெய்த துண்டுகளைக் கணினியில் வெட்டி ஒட்டிக் கட்டிய பாட்டுகள் இவை. ஒட்டுவது சுலபமாகிவிட்டால் வெட்ட மனம் வராது. கிட்டார் கலைஞர் கர்க் ஹாமெட்டின் தனிவாசிப்பு ஒன்றுகூட இல்லை. நிரவலும் ஸ்வரமும் இல்லாமல் பல்லவியையே எட்டு நிமிடம் பாடினால் உட்கார்ந்திருப்பீர்களா?

சூழலும் சரியில்லை. பாஸ் கிட்டார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் 2001 ஜனவரியில் விலகினார். தயாரிப்பாளர் பாப் ராக்கே பாஸை எடுத்து வாசித்தார். வெளியிலிருந்து கேட்டுக் குறை சொல்ல வேண்டிய ஆள் வாத்தியத்தோடு உள்ளே உட்கார்ந்துவிட்டார். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மதுப்பழக்கச் சிகிச்சை முடிந்து திரும்பிய பிறகு, நாளுக்கு நண்பகல் முதல் நாலு மணி வரைதான் வேலை.

2008இல் அடுத்த ஆல்பம் ‘டெத் மேக்னடிக்’. ஸ்னேர் கம்பி திரும்ப வந்தது, தனிவாசிப்பும் வந்தது. இம்முறை மொத்த ஒலியளவையும் உச்சிக்கு ஏற்றி நசுக்கி, ஒலி அலையின் தலையைச் சீவிவிட்டார்கள். ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் அவ்வளவு நசுங்கவில்லை. இரண்டையும் ஒரே அளவுச் சத்தத்தில் வைத்து, ஸ்னேரை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.