மூங்கில் நிழலில் ஒரு குடும்பம்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வனத்துறைப் பெருமக்களே, மண்டபம் தந்து உதவிய கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வரவேற்புரை ஆற்றிய செயலாளர் ஐயா அவர்களே, கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மூங்கில் இலை தின்று மரத்தில் வாழும் சிவப்பு ரோமச் சிறு விலங்கான செம்பாண்டா எங்கே வாழ்கிறது, அதன் உறவுகள் யார், அதைக் கொல்லும் கள்ளச் சந்தை எப்படி நடக்கிறது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் மலைகள், பூட்டான், அருணாசலப் பிரதேசம், வட மியான்மர், திபெத், யுன்னான், சிச்சுவான். பெயர்களைக் கேட்டால் பெரிய நாடு போலத் தோன்றும். உண்மையில் 2,200 முதல் 4,800 மீட்டர் உயரத்துக்குள், மரங்களுக்கு அடியில் மூங்கில் அடர்ந்த இடம் மட்டுமே அதன் வீடு. மரத்தை வெட்டினால் பதுங்க இடமில்லை, மூங்கிலை வெட்டினால் தின்ன இலையில்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும்!

உறவா? கறுப்பு வெள்ளைப் பாண்டா கரடி இனம், நெருங்கிய சொந்தமில்லை. அமெரிக்காவின் ரக்கூன், ஸ்கங்க், நம் நீர்நாய் வகைகள்தாம் பங்காளிகள். சொந்தக் குடும்பத்தில் மற்றவையெல்லாம் புதைபடிவங்களாகிவிட்டன.

ஒரு கதை சொல்கிறேன். டார்ஜிலிங் உயிரியல் பூங்காவில் பிறந்த ஸ்வீட்டி, மினி என்ற இரண்டு பெண் செம்பாண்டாக்களை 2003-இல் அதே டார்ஜிலிங் மலையில் உள்ள சிங்கலீலா காட்டில் விட்டார்கள். கூண்டில் பிறந்தவை, காட்டின் வாசனையே அறியாதவை. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, பின்னாலேயே நடந்தார்கள். மினி பிழைக்கவில்லை. ஸ்வீட்டியோ, காட்டு ஆணோடு சேர்ந்து குட்டி ஈன்றாள்! யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு? கைதட்டுங்கள், அந்தத் தாய்க்காகத் தட்டுங்கள்!

அவளுக்குப் போய்ச் சேர ஒரு காடு இருந்தது. அடுத்த ஸ்வீட்டிக்கு இருக்குமா? விறகுக்கு மரம், தீவனத்துக்கு மூங்கில், நடுவே சாலை என்று காட்டைத் துண்டு போட்டுக்கொண்டே போனால், பூங்காவில் எத்தனை குட்டி வளர்த்து என்ன பயன்? மறுபடியும் சொல்கிறேன், நிழலின் அருமை வெயிலில் தெரியும். 2015 முதல் இதை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக வைத்திருக்கிறது உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியல்.

கள்ளச் சந்தையைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் அவர்கள் நினைவூட்டுகிறார்கள். அவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன். வாசலில் ஒரு மனு இருக்கிறது. சிங்கலீலா மூங்கில் காட்டில் இனி ஒரு சாலையும் வேண்டாம் என்று கேட்கிறோம். கையெழுத்திட்டுப் போங்கள்.