சிந்திய காபிச் சொட்டும் கையால் செய்த பொங்கல் வாழ்த்தும்

வணக்கம் நண்பர்களே. மேசையில் சிந்திய காபிச் சொட்டு காய்ந்த பிறகு அதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் கரும்பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். அந்த வளையத்தைப் புரிந்துகொண்டால் போதும், உங்கள் வாழ்த்து அட்டையில் ஒவ்வொரு பூவிதழுக்கும் பேனாவே இல்லாமல் கோடு விழும். எப்படி என்று இந்த வீடியோவில் காட்டுகிறேன். ஸ்கிப் பண்ணாமல் பாருங்கள்.

அதற்கு முன் 1843-க்கு ஒரு நடை போய்வருவோம். லண்டனில் ஹென்றி கோல் என்று ஒருவர். கிறிஸ்துமஸ் வந்தால் நண்பர்களின் கடிதங்கள் குவியும், அத்தனைக்கும் பதில் எழுத அவருக்கு நேரம் இல்லை. ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி, அதை ஆயிரம் பிரதி அச்சடித்தார். அச்சு வணிகத்தின் முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்வார்கள். விலை ஒரு ஷில்லிங். 2001-ல் அதில் ஒரே ஒரு அட்டை 22,500 பவுண்டுக்கு ஏலம் போனது!

எனக்குப் பிடித்த விஷயம் அந்த விலை இல்லை. அந்த அட்டையில் அச்சடித்தது கோடு மட்டும்தான். வண்ணம் கையால் தீட்டியது. கோடு அச்சில், நிறம் தூரிகையில். ரப்பர் ஸ்டாம்பும் வாட்டர்கலரும் வைத்து நாம் இன்று செய்யப்போவதும் அதேதான். அதனால் இதை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

ரப்பரின் வரலாறு ஒரே வரியில்: சூட்டில் ஒட்டி, குளிரில் விறைத்துக்கொண்டிருந்த ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தலாம் என்று சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார், அதன் பிறகுதான் ரப்பர் ஸ்டாம்ப் பிறந்தது. போதும், வேலைக்கு வருவோம்.

(திரையில்: ஊதா மையில் பதித்த காளை. ஈரத் தூரிகை பட்டதும் மை கரைகிறது.)

இதுதான் என் முதல் பொங்கல் அட்டை. வீட்டில் கிடந்த ஆபீஸ் ஸ்டாம்ப் பேட், ஊதா மை. முப்பது அட்டையில் காளையைப் பதித்துவிட்டு, கொம்புக்கு மஞ்சள் தீட்டத் தூரிகையை வைத்தேன். ஒரே நொடியில் கொம்பு ஊதா, முகம் ஊதா, மஞ்சள் கிண்ணமும் ஊதா. முப்பதும் வீண். அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் இதுதான். அந்த மையில் இருப்பது சாயம். சர்க்கரை மாதிரி தண்ணீரில் முழுக்கக் கரையக்கூடியது. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்து ஓடும். நிறமித் துகள் கலந்த மை வேறு. துகள் கரையாது, காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மெதுவாகக் காயும், அதனால் அவசரப்படக் கூடாது. கடையில் வாங்கும்போது டப்பாவில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் பதித்து, நன்றாகக் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டாவிட்டால் நம்பி இறங்கலாம்.

ஆக, தண்ணீரைத் தொடும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்: கோடு நிற்கணுமா, ஓடணுமா? ஓடுவதும் அழகுதான்! நீல சாய மையில் ஒரு மீனைப் பதித்து, கோட்டின் உள்பக்கத்தை மட்டும் ஈரத் தூரிகையால் தடவுங்கள். கோட்டில் இருக்கும் மையே உள்ளே வழிந்து செதிலுக்கு நிழல் போடும். தனியாகப் பெயிண்டே வேண்டாம். என்னை அழவைத்த அதே குணம்தான் இங்கே வேலை செய்கிறது.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. ஜெராக்ஸ் தாள் வேண்டவே வேண்டாம், அப்பளம் மாதிரி நெளியும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். வாட்டர்கலருக்குச் சொரசொரப்பு பிடிக்கும், ஸ்டாம்புக்கு வழவழப்பு பிடிக்கும், இந்த இரண்டுக்கும் எப்போதும் சண்டை. நான் ஸ்டாம்ப் பக்கம் சாய்ந்து, வழவழப்பான ஹாட் பிரஸ் தாளையே எடுப்பேன். கையால் செய்த காகிதம் வாங்கினால் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்து மாதிரி கொஞ்ச நேரம் நின்றால் நல்ல தாள். உடனே உறிஞ்சிவிட்டால் அதில் பசைப்பூச்சு குறைவு, வண்ணம் கட்டுக்குள் நிற்காது.

சரி, இப்போது காபிக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

(திரையில்: தாளில் ஒரு சிவப்புச் சொட்டு, மிக அருகில்.)

இந்தச் சொட்டைப் பாருங்கள். நடுவில் மேடு, ஓரத்தில் மெலிவு. ஓரத்தில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அப்படியானால் சொட்டு உள்பக்கமாகச் சுருங்க வேண்டுமே? சுருங்காது. அதன் விளிம்பு தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஓரத்தில் இழந்த தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது வண்ணத் துகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், துகள் அங்கேயே தங்கிவிடும். ஊர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்ட கூட்டம் மாதிரி, அத்தனையும் விளிம்பில்!

நம் வீட்டு மேசையில் தினமும் நடக்கும் இந்தக் கூத்துக்கு 1997-ல்தான் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் முழு விளக்கம் கொடுத்தார்கள். 2011-ல் இன்னொரு குழு அதே இதழில் எழுதியது இன்னும் சுவை: துகள் உருண்டையாக இருந்தால் வளையம் விழுகிறது, நீள்வட்டமாக இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சமமாகப் படிகிறது. படித்த அன்றைக்கு நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

இதை அட்டையில் எப்படிப் பயன்படுத்துவது? இதழுக்குள் வண்ணத்தைக் கொஞ்சம் தாராளமாக, குளம் மாதிரி விடுங்கள். பிறகு தொடாதீர்கள். ஃபேன் வேண்டாம், ஊத வேண்டாம். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது இதழின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு அடர்சிவப்புக் கோடு நிற்கும். எந்தக் கையாலும் அவ்வளவு மெல்லிசாக வரைய முடியாது. வானம் மாதிரி ஓரம் தெரியக் கூடாத இடத்தில் மட்டும், தேங்கிய நீரைக் காய்ந்த தூரிகை முனையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பாதி காய்ந்த வண்ணத்தில் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூக்கும். அதையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள், பொங்கல் பானையின் நுரைக்கு அவ்வளவு பொருத்தம்!

அடுத்து, சொந்த ஸ்டாம்ப். பெரிய அழிப்பான் ஒன்று, அதைச் செதுக்க லினோ கட்டர் என்ற சின்ன உளி ஒன்று. ‘பொங்கல்’ என்ற சொல்லை பட்டர் பேப்பரில் 2பி பென்சிலால் எழுதி, எழுதிய பக்கத்தை அழிப்பான் மேல் கவிழ்த்து, ஸ்பூனின் முதுகால் தேயுங்கள். எழுத்து தானாகவே இடம் வலம் மாறி இறங்கும், அட்டையில் பதிக்கும்போது நேராகிவிடும். மூளையைக் கசக்க வேண்டாம். ‘ப’ நல்ல பிள்ளை, இடம் வலம் மாற்றினாலும் அதே ‘ப’. ‘ங’தான் படுத்தும், அதைக் கடைசியாகச் செதுக்குங்கள். கோட்டின் பக்கச் சுவரை மலைச்சரிவு மாதிரி வெளிப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள். உள்பக்கம் குடைந்தால் கோடு அழுத்தத்தில் சாய்ந்துவிடும்.

மெய்யெழுத்துப் புள்ளிகள் மட்டும் அழிப்பானில் நிற்கவே நிற்காது, அவ்வளவு சிறிசு, நாலாவது பதிப்பிலேயே பிய்ந்துவிடும். அதனால் நான் புள்ளியைச் செதுக்குவதில்லை. பழைய ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது, தெரியுமா? ஓலை கிழியும் என்று எழுத்தாணிக்காரர்கள் விட்டுவிடுவார்களாம். நாம் விட வேண்டியதில்லை. ஸ்டாம்ப் காய்ந்ததும் ‘ங்’ மேல் ஒன்று, ‘ல்’ மேல் ஒன்று, பேனாவால் வையுங்கள். முப்பது அட்டைக்கு அறுபது புள்ளி. அந்த அறுபதும் உங்கள் கை.

எம்பாசிங் பவுடர், அதாவது ஈர மையின் மேல் தூவிச் சூடாக்கினால் உருகிப் புடைத்து நிற்கும் தூள், அதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தனி வீடியோ வரும், இப்போதைக்கு ஹேர் டிரையரை மட்டும் முயற்சி செய்யாதீர்கள், உருகும் முன்பே பவுடர் பறந்துவிடும்.

முடித்த அட்டைகள் லேசாக வளைந்திருக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னதாகவே தபாலில் போட்டுவிடுங்கள். கறுப்புக் காளையின் திமிலுக்கு என்ன நிறத்தில் நிழல் போடலாம் என்று கமெண்டில் சொல்லுங்கள். நான் நீலம் என்கிறேன், என் அக்கா பச்சைதான் என்று அடம்பிடிக்கிறாள்.