வாசலில் செதுக்கிய பத்திரம்

எல்லோருக்கும் வணக்கம். பிரான்சும் ஸ்பெயினும் சந்திக்கும் மலைப்பக்கத்தில் பாஸ்க் மொழி பேசுகிறவர்களின் பகுதி பாஸ்க் நாடு. அதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு நாட்டையே பேச எனக்குத் தெம்பில்லை. ஒரு தெருவைப் பேசுகிறேன். அதிலும் ஒரு கல்லின் முன்னால்தான் ரொம்ப நேரம் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பெயர் அயினோவா. பிரான்ஸின் தென்மேற்கு மூலை. பைரனீஸ் மலை தணிந்து பச்சைக் குன்றுகளாகிவிடுகிற இடம். கொஞ்சம் நடந்தால் ஸ்பெயின் வந்துவிடும். ஸ்பெயினிலுள்ள கிறிஸ்தவப் புனிதத் தலமான சாந்தியாகோவுக்குப் போகும் யாத்ரீகர்களை நம்பி 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர் இது. ஊர் என்றால் ஒரே தெருதான். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் அழிந்து, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மறுபடி கட்டிய வீடுகள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், சிவப்போ பச்சையோ பூசிய மரச்சட்டங்கள். சுவரில் கோவேறு கழுதைகளைக் கட்டிய இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. படம் எடுக்கிறவர்களுக்கு இது போதும்.

எனக்குப் போதவில்லை. கோரித்தியா என்றொரு வீடு. வாசல்நிலைக்கு மேலே ஒரு கல், அதில் பிரெஞ்சு வாசகம். சாரம் இது: கோரித்தியா எனும் இவ்வீட்டை, காலஞ்சென்ற ழான் தோலகாரே இண்டீஸிலிருந்து அனுப்பிய பணத்தைக் கொண்டு, அவருடைய தாய் மரி தெ கோரித்தி மீட்டார். இதை விற்கவும் கூடாது, அடகு வைக்கவும் கூடாது. ஆண்டு 1662.

இண்டீஸ் என்றதும் நம் பக்கம் என்று நினைக்காதீர்கள். பாஸ்க்காரர்கள் பிழைக்கப் போனது பெரும்பாலும் அமெரிக்கா. பணம் அனுப்பிய பிள்ளை கல் செதுக்கும்போது உயிரோடு இல்லை. பெட்டியில் பூட்டி வைக்கவேண்டிய பத்திரத்தை, வழியில் போகிறவனெல்லாம் சாட்சியாகும்படி வாசலில் வைத்துவிட்டார் அந்த அம்மாள். நாளைக்கு ஒரு பேரன் கடன்காரனோடு வந்தால், அவன் தலைக்கு மேலேயே பதில் இருக்கிறது.

ஏன் இத்தனை பிடிவாதம்? பாஸ்க் மொழியில் வீட்டுக்கு ‘எச்சே’ என்று பெயர். அது சுவரும் கூரையும் மட்டுமல்ல. நிலம், பெயர், தேவாலயத்தில் அந்த வீட்டுக்கென்று உள்ள கல்லறை, எல்லாம் சேர்ந்ததுதான் எச்சே. இந்தப் பக்கத்துப் பழைய வழக்கப்படி, பிரிக்காமல் மூத்த பிள்ளைக்கே வீடு. ஆணா பெண்ணா என்று பார்த்ததில்லை! வீட்டுக்குள் மணமாகி வருகிறவரையும் ஊர் அந்த வீட்டுப் பெயராலேயே கூப்பிட்டது. இளையவர்கள் கடலுக்கோ மடத்துக்கோ அமெரிக்காவுக்கோ கிளம்பவேண்டியிருந்தது. 1804-இல் வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டம் எல்லோருக்கும் சமபங்கு என்றது. நியாயமான சட்டம்தான், ஆனால் எச்சேக்கு அது கோடரி.

பாஸ்க்குக்கும் தமிழுக்கும் உறவுண்டா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கத் துடிப்பது தெரிகிறது. இரண்டும் ஒட்டுநிலை மொழிகள், அதாவது சொல்லோடு விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிற மொழிகள். அதற்கு மேல் நிரூபணமில்லை ஐயா, விட்டுவிடுவோம்.

ஆனால் ஒரு பெயர் மட்டும் உண்மையாகவே நம் கரைக்கு வந்திருக்கிறது. ஸ்பெயின் பக்கம், நவாராவில், இதே மலையின் அடிவாரத்தில் ஒரு கோட்டைவீடு. ‘எச்சே பெரி’, அதாவது புதுவீடு. அது மருவித்தான் சவியேர் ஆயிற்று. அங்கேயும் வீட்டுக்குரியவர் ஒரு மரியாதான், மரியா தெ அஸ்பில்குவெத்தா. 1506-இல் அவருக்குக் கடைசிப் பிள்ளை பிறந்தது. வீடு மூத்தவருக்கு, கடைக்குட்டி பாரிசுக்குப் படிக்கப் போனார். பிறகு 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். பிரான்சிஸ் சவேரியார்.

கோட்டாறிலும் தூத்துக்குடியிலும் எத்தனை சேவியர்கள்! மேலவீட்டார், வடக்குவீட்டார் என்று கூப்பிட்டுப் பழகிய ஊர்க்காரர்கள்தானே நாம். அடுத்த தடவை ஒரு சேவியரைப் பார்த்தால், “என்ன புதுவீட்டாரே, சௌக்கியமா?” என்று கேட்டுப் பாருங்கள்.