நான்கு நாள் கணக்கு: ஹெலன் பிராக் எங்கே போனார்?

[திரையில்: பனி படிந்த தெரு. ஒரு பரிசுப்பொருள் கடையின் கண்ணாடிக் கதவு.]

1977 பிப்ரவரி 17, வியாழக்கிழமை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், ராச்செஸ்டர் நகரம். மேயோ கிளினிக்கில் உடல் பரிசோதனை முடித்துக்கொண்டு 65 வயதுப் பெண்மணி ஒருவர் வெளியே வருகிறார். பயப்படும்படி எதுவும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த கடையில் நுழைந்து குளியலறைக்கு வேண்டிய சில பொருட்களை வாங்குகிறார். "அவசரமாகப் போகணும், என் வீட்டு ஆள் காத்துக்கொண்டிருக்கிறார்" என்ற அர்த்தத்தில் கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ சொல்கிறார். கிளம்பிப் போகிறார்.

அவ்வளவுதான். வேண்டியவர், வேண்டாதவர் என்ற கணக்கில் வராத ஒரு மூன்றாம் மனிதர் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

[திரையில்: பழைய மிட்டாய் டப்பாக்கள்.]

அவர் பெயர் ஹெலன் பிராக். சிகாகோவில் 'பிராக்' என்றால் மிட்டாய். நம் ஊர்ப் பெட்டிக்கடை பாட்டிலில் கமர்கட் இருக்கிற மாதிரி, அங்கே வீட்டுக்கு வீடு பிராக் மிட்டாய் இருந்த காலம் உண்டு. ஹெலன் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. ஒஹாயோவில் ஒரு சிற்றூரில் பிறந்து, மியாமி பீச்சில் ஒரு கிளப்பில் விருந்தினர்களின் தொப்பியையும் மேலங்கியையும் வாங்கி வைக்கிற வேலை பார்த்தவர். அங்கேதான் மிட்டாய்க் கம்பெனி ஃபிராங்க் பிராக் அவரைச் சந்தித்தார். கல்யாணம் ஆனது. 1966-ல் கம்பெனியை விற்றார்கள். 1970-ல் ஃபிராங்க் இறந்தார். பிள்ளைகள் கிடையாது.

அப்புறம் சிகாகோவுக்கு வடக்கே கிளென்வியூ என்ற புறநகரில் பெரிய வீடு, கோடிக்கணக்கான சொத்து, நாய்கள், ஒரு லாவண்டர் நிற ரோல்ஸ் ராய்ஸ். வீட்டையும் காரையும் கவனிக்க ஒரு பணியாளர். ஹெலனுக்கு ஆவிகளோடு பேசுவதில் நம்பிக்கை உண்டு. பேனாவைப் பிடித்தால் ஆவி தானாக எழுதவைக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். இப்படிப்பட்ட ஒருவர் காணாமல் போனால் ஊர் என்ன பேசும்? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான்.

சரி, ஊர் பேசியதைப் பிறகு பார்க்கலாம். முதலில் நான்கு நாள் கணக்கைப் பார்ப்போம். இந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

[திரையில்: பிப்ரவரி 1977 காலண்டர். 17 முதல் 21 வரை வட்டம்.]

பணியாளர் சொன்னது இது. 17-ஆம் தேதி அம்மா விமானத்தில் சிகாகோ வந்தார். ஓ'ஹேர் விமான நிலையத்தில் நானே போய் அழைத்து வந்தேன். வார இறுதி முழுக்க வீட்டில் இருந்தார். 21-ஆம் தேதி, திங்கட்கிழமை, ஃபுளோரிடா போகிறேன் என்றார். மறுபடி ஓ'ஹேரில் கொண்டுபோய் விட்டேன்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிகாகோ விமானத்தின் சிப்பந்திகளுக்கு அவரைப் பார்த்த ஞாபகமே இல்லை. வீட்டில் இருந்ததாகச் சொல்லப்படுகிற அந்த நான்கு நாளும் ஹெலன் ஒருவருக்கும் போன் செய்யவில்லை. ஒருவரும் அவரை நேரில் பார்க்கவில்லை. ஆனால் அதே நாட்களில் அவருடைய செக் புத்தகம் மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்திருக்கிறது. ஏறக்குறைய 13,000 டாலருக்குச் செக்குகள், ஹெலன் பெயரில் கையெழுத்து. அது அவர் கையெழுத்தே இல்லை என்றார்கள் நிபுணர்கள். பணியாளரிடம் அதற்கும் பதில் இருந்தது: பெட்டியின் மூடி விழுந்து அம்மாவுக்குக் கையில் அடிபட்டிருந்தது, அதனால்தான் கையெழுத்து கோணலாக இருக்கிறது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ஒட்டு. ஒட்டுப் போடுவதும் ஒரே ஆள். அந்த நான்கு நாளுக்குச் சாட்சி அவர் ஒருவர்தான். வீட்டில் அறைக்கு வர்ணம் அடித்திருந்தது, தரைவிரிப்பு மாற்றியிருந்தது என்பதெல்லாம் பின்னால் வெளிவந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போலீசில் புகார் போனது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஊரே பெயர் அறிந்த கோடீஸ்வரி, இரண்டு வாரம் ஆளைக் காணோம். "என்ன ஆச்சு, சத்தத்தையே காணோமே" என்று கதவைத் தட்ட ஒருவர் இல்லை. நாலு மனை ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற பாட்டியாக இருந்தால், வாசல் தெளிக்காத முதல் நாளே எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்திருப்பாள்.

புகார் கொடுப்பதற்கு முன்னாலேயே வேறொன்று நடந்துவிட்டது. ஹெலனின் சகோதரர் வந்தார். அவரும் பணியாளரும் சேர்ந்து ஹெலனின் நாட்குறிப்பையும் அந்த ஆவி எழுத்துகளையும் எரித்துவிட்டார்கள். அது ஹெலனின் விருப்பம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இருக்கலாம். ஆனால் ஆள் காணவில்லை என்று சொல்லும்போதே, அந்த ஆள் கடைசியாக என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று காட்டக்கூடிய காகிதம் சாம்பல்.

[திரையில்: செய்தித்தாள் கட்டு. குரல் வேகம் கூடுகிறது.]

காகிதம் எரிந்த இடத்தில் கதைகள் முளைத்தன. ஃபுளோரிடாவில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்கிறார். ஆவி பேச்சைக் கேட்டுக் கிளம்பிவிட்டார். எல்லாவற்றையும்விட நன்றாக விலைபோன கதை: வீட்டுக்குக் கறி அரைக்கும் இயந்திரம் வாங்கப்பட்டது, அதில்தான் வேலை முடிந்தது என்பது. இன்றைக்கும் இந்த வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்தில் எட்டுப் பேர் அந்த இயந்திரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். இந்த வீடியோவின் முகப்புப் படத்தில் அதைப் போடலாமா என்று எனக்கும் ஒரு நிமிடம் சபலம் வந்தது, மறைக்க மாட்டேன். போடவில்லை. 13,000 டாலர் செக்கை யாரும் முகப்பில் போட மாட்டார்கள். ஆனால் கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது அந்தச் செக்தான். இயந்திரம் வெறும் வாய்ப்பேச்சு.

பணியாளர் மீது கடைசிவரை கொலை வழக்கு பதிவாகவில்லை. அவரும் இறந்துவிட்டார். அதனால் அவர் பெயரை இங்கே சொல்லவில்லை.

[திரையில்: குதிரை லாயம். மாலை வெளிச்சம்.]

இப்போது இன்னொரு ஆள் வருகிறார். ரிச்சர்ட் பெய்லி, குதிரை வியாபாரி. தனியாக இருக்கிற, பணமுள்ள, நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களைப் பார்த்துப் பழகுவார். பூங்கொத்து, நடனம், இனிப்பான பேச்சு. அப்புறம் மெல்ல, "குதிரையில் முதலீடு செய்யலாமே?" 1975-ல் ஹெலனுக்கு 98,000 டாலருக்குக் குதிரைகள் விற்கப்பட்டன. அவற்றின் உண்மையான விலை 20,000 டாலரைக்கூடத் தொடாது. ஏமாந்தது ஹெலனுக்குத் தெரிந்துவிட்டது, அதிகாரிகளிடம் போகப் போகிறார், அதனால்தான் ஆள் காலி: இது பின்னாளில் அரசுத் தரப்பு வைத்த வாதம்.

ஊருக்கு இந்தச் சந்தேகம் அரசுக்கு முன்பே வந்துவிட்டது. கிளென்வியூ தெருவில் யாரோ பெயிண்டால் எழுதி வைத்தார்கள்: பிராக் அம்மாவின் உடல் எங்கே என்று ரிச்சர்ட் பெய்லிக்குத் தெரியும், தயவுசெய்து அவனைத் தடுத்து நிறுத்துங்கள். தார் ரோட்டில் எழுதுகிறவர் 'தயவுசெய்து' என்று ஏன் சேர்க்க வேண்டும்? எனக்கு அது வதந்தி மாதிரித் தெரியவில்லை. மனு மாதிரி இருக்கிறது.

ஆள் இல்லை, உடலும் இல்லை. சொத்தை என்ன செய்வது? சட்டம் ஏழு வருடம் பொறுத்தது. 1984-ல் ஹெலன் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது. இந்த ஏழு வருடக் கணக்கு நம் நாட்டிலும் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் 108-வது பிரிவு, புதிய பாரதிய சாட்சிய அதினியத்தில் 111. சேதி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருடம் ஒரு சேதியும் வரவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஹெலன் பணத்தில் பெரும்பகுதி அவர் பெயரில் உள்ள அறக்கட்டளைக்குப் போனது. அதில் விலங்கு நலத்துக்கு முக்கியப் பங்கு.

1990-ல், அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் உடலைத் தோண்டிப் பார்த்தார்கள். ஹெலன் அல்ல.

[திரையில்: ஒரு எக்ஸ்டென்ஷன் வயர், நெருக்கத்தில்.]

இதற்கிடையில் 1989 வாக்கில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் கோப்பைத் தூசு தட்டினார்கள். தேடியது ஒரு கிழவியை. கிடைத்தது வேறு. பணக்காரர்களின் பந்தயக் குதிரை, தாண்டும் குதிரை உலகத்தில் காப்பீட்டுப் பணத்துக்காகக் குதிரைகளைக் கொல்வது ஒரு தொழிலாகவே நடந்துகொண்டிருந்தது. டாமி பர்ன்ஸ் என்று ஒருவர் அதைச் செய்து கொடுத்தார். கருவி? வீட்டில் மிக்ஸிக்குப் போடுகிற மாதிரி ஒரு சாதாரண வயர். முனையைப் பிளந்து இரண்டு கிளிப். ஒன்று குதிரையின் காதில், ஒன்று பின்பக்கத்தில். மறுமுனையை பிளக்கில் சொருகினால் முடிந்தது. உடம்பில் காயம் தெரியாது. வயிற்றுவலியில் செத்தது என்று எழுதிக் காப்பீட்டுப் பணம் வாங்கிக்கொள்ளலாம். 1994-ல் 23 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. அந்த வலையில் பெய்லியும் விழுந்தார்.

அவர் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். ஹெலனைக் கொல்லச் சதி செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. இனி சொல்லப்போகும் இடத்தில்தான் பலர் தப்பாகப் பேசுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல, சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். ஆனால் அமெரிக்க மத்திய நீதிமன்றத்தில், ஒருவர் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை எவ்வளவு என்று மட்டும் முடிவாகும் கட்டத்தில், அளவுகோல் வேறு. தராசில் எந்தத் தட்டு ஒரு குன்றிமணி கூடத் தாழ்கிறது என்று பார்த்தால் போதும். நீதிபதி மில்டன் ஷாடர் அப்படித்தான் பார்த்தார். ஹெலனைக் கொல்லத் தனக்குப் பெய்லி 5,000 டாலர் தருவதாகச் சொன்னார் என்று குதிரை வியாபாரிகளில் ஒருவர் சாட்சி சொன்னார். பெய்லி சதியில் ஈடுபட்டார், ஆள் தேடினார் என்ற பக்கம் தட்டு தாழ்கிறது என்று நீதிபதி முடிவு செய்தார். 1995-ல் 30 வருடம் விதித்தார்.

ஆக, ஹெலன் பிராக்கைக் கொன்றதாக ஒருவர்கூட இதுவரை குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை. 'பெய்லி கொன்றார், உள்ளே போனார்' என்று இரண்டே வரியில் முடிக்கிற வீடியோக்கள் நிறைய உண்டு. அவர் உள்ளே போனது மோசடிக்கு. கொலைப் பேச்சால் வருடங்கள் கூடின. நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2019-ல் வெளியே வந்தார்.

அவர் உள்ளே இருக்கும்போதே, மேலே சொன்ன அதே சாட்சி, பல வருடம் கழித்து வேறு கதை சொன்னார். வேறு சிலர்தான் அவரைக் கொன்றார்கள், உடல் எஃகு ஆலை உலையில் போனது, நானும் கூட இருந்தேன் என்றார். அதன்பேரில் யார் மீதும் வழக்கு வரவில்லை. உலையில் போன உடலுக்கு எலும்பு மிஞ்சாது, சரிபார்க்கவும் வழியில்லை. கறி இயந்திரக் கதையும் இதே ஜாதிதான். இரண்டையும் யாராலும் பொய் என்று காட்ட முடியாது. அதனால்தான் இரண்டும் இவ்வளவு காலம் ஓடுகின்றன.

என் கட்சியைக் கேட்டால், யார் கொன்றார் என்பதை விட்டுவிட்டு முதல் கேள்விக்குத் திரும்புவேன். 17-ஆம் தேதி அந்தச் சிகாகோ விமானத்தில் ஹெலன் ஏறினாரா? ஏறவில்லை என்றால் நான்கு நாள் கதை முழுக்கவே பொய். அப்போது பெய்லியைப் பற்றி என்ன பேசினாலும், பணியாளரை ஒதுக்கிவைத்துப் பேச முடியாது. ஏறினார் என்றால், நான்கு நாள் போனையே தொடாமல் அந்த வீட்டில் என்ன செய்தார்?

[திரையில்: சிறிய கல்லறைத் தோட்டம். பின்னணி இசை இல்லை.]

ஒஹாயோவில் யூனியன்போர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கல்லறைத் தோட்டத்தில் ஹெலன் தனக்கென்று இடம் ஏற்பாடு செய்திருந்தார். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. பக்கத்தில் அவர் வளர்த்த இரண்டு நாய்களைப் புதைத்திருக்கிறார்கள். பெயர்கள் கேண்டி, ஷுகர். ஹெலனுக்கான இடம் மட்டும் காலி.