கேரி பேக் காய்த்த மரம்

(ஈரோட்டில் ஒரு நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வனத்துறை அலுவலர் அவர்களே, பந்தலும் பந்தியும் ஏற்றுக்கொண்ட அரிசி ஆலை அதிபர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இருப்பதால் நான் மறந்துவிடக் கூடாத அவருடைய அண்ணன் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள். இந்த வெயிலுக்கு அது கொஞ்சம் கனம்தான், இருந்தாலும் நன்றி.

நம் ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளோடு ஏரிக்குப் பறவை பார்க்கப் போய்வருவது பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஏரி எப்படிச் சரணாலயம் ஆனது, அங்கே யார் யார் வருகிறார்கள், நாம் எப்படிப் போக வேண்டும்.

முதலாவது. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரையும் மழையையும் நம்பிப் பிழைக்கிற ஏரி அது. 1996இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 77 ஹெக்டேர், நம் கணக்கில் 190 ஏக்கர். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரத்தில் சதுப்புநிலங்களுக்காக ஓர் உடன்படிக்கை செய்தார்கள், அந்தப் பட்டியல். திருப்பூர் நஞ்சராயன் குளமும் 2024இல் அதில் சேர்ந்துவிட்டது. நஞ்சராயன் என்ற அரசர் அந்தக் காலத்தில் செப்பனிட்ட குளம், அதனால்தான் அந்தப் பேர். ஆக, குளத்தைச் சீர்திருத்துவது நமக்குப் புதிதல்ல. வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

ஆனால் நம்மில் பாதிப்பேர் ஒருமுறை போய்விட்டு, “அங்க ஒண்ணுமே இல்லைங்க” என்று திரும்பிவிடுகிறோம். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போன கதை. பழமொழியில் கால் இல்லை, வேறு இடம். பெண்கள் இருக்கும் சபை என்பதால் காலோடு நிறுத்துகிறேன்.

என் மாமனார் அப்படித்தான் போகப் பார்த்தார். ஊத்துக்குளிக்காரர். எருமை வைத்திருந்தவர். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்லுவார். ஒரு தை மாதம், புளிச்சோறு கட்டிக்கொண்டு வெள்ளோட்டுக்குக் கூட்டிப்போனேன். கரையில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஏரி நடுவே கருவேல மரங்கள், மேலே வெள்ளை வெள்ளையாக ஏதோ.

“ஏனுங்க மாப்பிள்ளை, மரம் பூராவும் கேரி பேக் சிக்கியிருக்குது. இதைப் பார்க்கவா அவ்வளவு தூரத்துல இருந்து கூட்டியாந்தீங்க?”

“அது கூழைக்கடாங்க மாமா, பறவை.”

“பறவைன்னா பறக்கோணுமல்லங்க?”

துண்டை உதறித் தோளில் போட்டு வண்டியைப் பார்த்து நடந்துவிட்டார். குளத்தோடு கோபம்! புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு நான் பின்னால் ஓடுகிறேன். அப்போது ஒரு கல்லூரிப் பெண், “தாத்தா, இதுல பாருங்க” என்று கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தது. மாமனார் முதலில் தலைகீழாகப் பிடித்தார். அந்தப் பெண் நேராகத் திருப்பிக் கொடுத்து, திருகிக் காட்டியது. அப்புறம் ஐந்து நிமிஷம் பேச்சே இல்லை.

“அட, குஞ்சு தாயோட வாய்க்குள்ள தலையை விட்டுருச்சுங்க! தோள் வரைக்கும் உள்ள போயிருச்சு!”

கூழைக்கடா அலகுப் பைக்குள் குஞ்சு தலையை நுழைத்து, தாய் கக்கும் மீனைத் தின்னும். இவருக்கு அது கன்று ஊட்டுகிற மாதிரி. “தாய் நிக்கத் தெரியாம நிக்குது. தலைச்சன் ஈத்துங்க இது” என்று தீர்ப்புச் சொன்னார். பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்ததைப் பார்த்து, “சலவைக்காரர் வீடு” என்றார். அந்தப் பெண் முக்கால் மணி நேரம் நின்றது. கடைசியில், “தாத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. புளிச்சோற்றில் பாதி அதற்குத்தான் போனது.

இதிலிருந்துதான் என் கோரிக்கை. இந்த நூலகத்தில் பைனாகுலர் கடன் கொடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள். புத்தகம் கொடுக்கிறோம், பதினைந்து நாளில் திரும்பி வருகிறது. இதுவும் வரும். 8×42 அளவு போதும். எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி விடிகாலை மங்கலிலும் வெளிச்சம் வாங்கும். பத்து மடங்கு வாங்கினால் நம் வயசுக்கைக்கு ஆடும். நாலு வாங்கினாலே நாலு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். இதை ஓர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தேன். “புத்தகம் என்ற வகையில் வராது” என்று பதில் வந்தது. குளத்தோடு கோபித்துக்கொள்ள எனக்கும் தெரியும், ஆனால் நான் போகவில்லை. மறுபடி எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது, யார் யார் வருகிறார்கள் என்பது பெரிய பட்டியல். அரிவாள் மூக்கன், ஊசிவால் வாத்து, நாமக்கோழி... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதை அடுத்த ஆண்டு கூப்பிட்டால் சொல்கிறேன். கார்த்திகை முதல் மாசிக்குள் போங்கள், சிவப்புச் சட்டை வேண்டாம், அவ்வளவுதான்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பந்திக்குப் போகும்போது பைனாகுலர் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து மாமனாருடையது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.